ஏழுதானே கேட்டீங்க?

லெப்டொப் விற்கிறவர்களே, அந்தச் சாமானின் முழு மொடல் நம்பரை வாய் திறந்து சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும்? "ஐ7 இருக்கு, ஐ5 இருக்கு" என்று பாதியில் நிறுத்துகிறீர்களே, மிச்சத்தை யார் சொல்வது, மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாடுகிற மீனா?

ஐ7, ஐ5 என்பது லெப்டொப்பின் மூளையான இன்டெல் சிப்பின் தரம் மட்டும்தான், அது எந்தக் காலத்துச் சிப் என்பதை ஜெனரேஷன்தான் சொல்லும். என் பழைய லெப்டொப் ஆறாம் ஜெனரேஷன். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கைவிரித்துவிட்டது. 11க்குப் போகலாம் என்றால், இன்டெலில் எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழே இருப்பதை, ஒன்றிரண்டைத் தவிர, அது வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. பிணைச்சலும் உடைந்து, ஸ்க்ரீனுக்கு முதுகில் பால்மாப் பேணியை முட்டுக்கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் எக்செல், ஸூம், பத்துப் பதினைந்து டேப். இரவில் கேம், கொஞ்சம் வெலரண்ட், கொஞ்சம் மைன்கிராஃப்ட். அவ்வளவுதான். ரொக்கெட் விடப் போவதில்லை.

இன்றைக்குப் போன கடை திருமலை வீதியில். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், எல்லாக் கடையும் அதே கடைதான். ஹெல்மெட்டைப் பிடிக்க என் தம்பியும் கூட வந்தான். "கேமும் விளையாடணும்" என்று நான் சொன்ன அந்த நொடியே கடைக்காரத் தம்பி என்னை விட்டுவிட்டு அவனிடம் திரும்பிவிட்டார். அவனோ போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. சரி, அதைக்கூட மன்னிக்கலாம். அப்புறம் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"இதைப் பாருங்க அக்கா, ஐ7. நல்ல ஸ்பீட்."

"எத்தனையாம் ஜெனரேஷன் தம்பி?"

"ஐ7 அக்கா."

"அது விளங்குது. ஜெனரேஷன்?"

"லேட்டஸ்ட்தான்."

"முழு நம்பர் என்ன?"

"சில்வர் கலர் அக்கா. கறுப்பும் இருக்கு."

மூச்சை இழுத்துவிட்டு நானே செட்டிங்ஸைத் திறந்தேன். கோர் ஐ7-7500யு.

"தம்பி, இது ஏழாம் ஜெனரேஷன்."

"ஓம், ஏழுதானே? நீங்க ஐ7 தானே கேட்டீங்க?"

அந்த முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை! நான் என் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டேனாம். 2016இல் வந்த சிப் அது. கோர் என்பது சிப்புக்குள் வேலை செய்கிற கை மாதிரி, இதற்கு இரண்டே இரண்டு கோர். பன்னிரண்டாம் ஜெனரேஷன் ஐ5-1235யு என்ற சாதாரண ஐ5க்குக்கூடப் பத்துக் கோர் இருக்கிறது, அது இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சந்தையில் கால் கிலோ சூடை வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிற ஊர் இது. இங்கே 95,000 ரூபாய்ச் சாமானை ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள்.

இன்னும் முடியவில்லை, இருங்கள். அந்த ஏழாம் ஜெனரேஷனில் விண்டோஸ் 11 ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. எப்படி? சோதனையை ஏமாற்றிப் பின்கதவால் ஏற்றியிருக்கிறார்கள். "அப்டேட் வருமா?" என்று கேட்டேன். "அப்டேட்டை ஓஃப் பண்ணி விட்டிருக்கம் அக்கா, உங்களுக்கு ஒரு டிஸ்டர்ப்பும் இருக்காது." எவ்வளவு பெரிய மனசு! வீட்டுப் பூட்டைக் கழற்றிவிட்டு, இனித் திறப்பைத் தேட வேண்டாம் என்கிற மாதிரியான சேவை இலவசமாகவே கிடைக்கிறது.

மறுகா கிராஃபிக்ஸ். "8 ஜிபி கிராஃபிக்ஸ் இருக்கு" என்று டாஸ்க் மெனேஜரைத் திறந்து என் தம்பிக்குக் காட்டுகிறார். இருக்கிற 16 ஜிபி ரெம்மில் பாதியை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று விண்டோஸ் பகிர்ந்து காட்டுகிற கணக்கு அது. தனிக் கார்ட் என்று ஒரு துரும்பும் இல்லை. "ஜிடிஏ ஃபைவே ஓடும் ப்ரோ!" ஜிடிஏ ஃபைவ் கம்பியூட்டருக்கு வந்தது 2015இல். அதற்கு அப்புறம் இந்தக் கடைகளுக்கு வேறு கேமே வரவில்லை போல. செக்கனுக்கு எத்தனை ஃப்ரேமில் ஓடும் என்று கேட்டேன். "ஃபுல்லா ஓடும்."

வாரண்டி கேட்டேன். ஹார்ட்வெயாருக்கு ஒரு மாதம், சொஃப்ட்வெயாருக்கு ஒரு வருடம். அதாவது எது உடையுமோ அதற்கு இல்லை.

புதுசு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை என்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியின் சிப், ரைசன் 5 7520யு என்று புத்தம் புதுப் பெட்டியில் வரும். 7000 சீரிஸ், நல்லதுதானே என்று தோன்றும். அதில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 2 என்றால் ஸென் 2, 2019இல் வந்த வடிவமைப்பு. 7530யு ஸென் 3, 7540யு ஸென் 4. ஒரு இலக்கத்துக்குள் வருடக்கணக்கை ஒளித்துவைத்துவிட்டு, கண்டுபிடி பார்க்கலாம் என்கிறார்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் ஆர்டிஎக்ஸ் 3050 என்று எழுதியிருந்தாலும் அது 35 வாட்ஸா 80 வாட்ஸா என்று பெட்டியில் தேடினாலும் கிடைக்காது. பெயர் ஒன்று, வேகம் வேறு. இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கிற ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் என்று வாங்கினால், உள்ளே ஒற்றை ரெம் போட்டிருப்பார்கள், அதற்கு இரண்டு வேண்டும் என்பதால் ஸ்க்ரீனில் வெறும் யுஎச்டி என்று காட்டும். எனக்குப் போதுமானது ஏஎம்டியின் ரேடியன் 680எம் கிராஃபிக்ஸ் மாதிரி ஒன்று சிப்புக்குள்ளேயே இருக்கிற மெஷின்தான், தனிக் கார்டே தேவையில்லை. கேட்டால், "கொழும்பில கேட்டுப்பாத்துப் பின்னேரம் கோல் பண்றன் அக்கா." எந்தப் பின்னேரம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கொழும்புக்கே போய் யூனிட்டி பிளாசாவில் வாங்கு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கிப் போய், மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். பழுதானால் திரும்பவும் அங்கேதான். இங்கே வாங்கினாலும் பழுதானால் கொழும்புக்குத்தான் அனுப்புவார்கள், அது வேறு கதை. கட்டாரில் இருக்கிற மாமா தான் கொண்டுவருகிறேன் என்கிறார். போன தடவை பெரியம்மா மகனுக்குக் கொண்டுவந்ததில் கீபோர்ட் முழுக்க அரபு எழுத்து. அவன் இன்னும் கேள்விக்குறியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

இதெல்லாம் போகட்டும். புது லெப்டொப் வந்தால் அதன் சார்ஜரை எங்கே சொருகுவது? அதை யாராவது சொல்லுங்களேன்! இந்த நாட்டில் சின்ன வட்டப் பின் 5 அம்பியர், பெரிய வட்டப் பின் 15 அம்பியர், சதுரப் பின் 13 அம்பியர். 13தான் இனி நாட்டின் தரம் என்று அறிவித்தாயிற்று. எங்கள் வீட்டுச் சுவருக்கு யாரும் அறிவிக்கவில்லை. வட்ட ஓட்டைக்குள் சதுரம் போகவே போகாது. சதுர ஓட்டைக்குள் இரண்டு வட்டப் பின்னைத் திணிக்க மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்திப் பிடிக்கிற வித்தையை நான் ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்டேன், இன்னும் உயிரோடு இருப்பது பிள்ளையார் புண்ணியம். மல்டி பிளக் வாங்கினேன், ஒரு வாரத்தில் உருகிவிட்டது. வீட்டில் இருக்கிற ஒரே சதுர பிளக் பொயின்ட் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். அதில் ஃப்ரிட்ஜ். அதற்குள் அம்மாவின் எருமைத் தயிர்ச் சட்டி. கழற்றட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"கேம் விளையாடத் தயிரைப் புளிக்க வைக்கப் போறியோ?" என்றார்.