புகையை அளக்கிறீர்கள், பிரேக்கை யார் பார்ப்பது?

மோட்டார் சைக்கிளுக்கு வருடாந்த லைசன்ஸ் எடுக்க நம்மிடம் கேட்பது புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இன்சூரன்சும்தான். சைலன்சருக்குள் குழாயை விட்டு காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். பிரேக் பிடிக்கிறதா, ரயர் மொட்டையா, லைட் எரிகிறதா என்று அங்கே பார்ப்பதில்லை. தகுதிச் சான்றிதழ் எல்லாம் பஸ், லொறிக்குத்தான்.

புகையை அளக்கட்டும், அது தேவை. ஆனால் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இரவில் லைட் இல்லாமல் வருகிற வண்டிதான் எனக்குப் பெரிய பயம்.

பழைய வண்டி என்றாலே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை வன்னியில் மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் வந்து பார்க்க வேண்டும். பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத ஊர்களில் ஆஸ்பத்திரிக்கும் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுவது அந்தப் பழைய ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள்தான். தொண்ணூறுகளில் போரால் வடக்குக்குப் பெற்றோல் வராமல் பொருளாதாரத் தடை இருந்தபோது இதே வண்டிகளை நம்மவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். சாமான் கிடைக்காத காலத்தில் கடைந்தும் ஒட்டியும் வண்டியைக் காப்பாற்றிய கைகள் இன்றும் நம் கராச்சுகளில் இருக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிதான் நாட்டையே இழுத்தது. அதற்கு அரசாங்கம் என்ன செய்தது? 2022 ஒக்டோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரி வந்தது, 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரியான வற் 18 வீதமானது. ஏற்கெனவே டொலர் ஏறியதில் விலை கூடியிருந்த உதிரிப்பாகத்தில் இந்த வரிகளும் வந்து விழுந்தன. அப்புறம் சனம் என்ன செய்யும்? மலிவான டூப்ளிகேட்டை வாங்கும்.

எங்கள் ஊர்க் கராச்சில் ஒரு டூப்ளிகேட் பிரேக் சூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பெட்டி அசல் போலவே இருந்தது. கழற்றிய சூவில் உரசி நிறுத்துகிற லைனிங் அலுமினியத்தை விட்டுக் கிளம்பி, ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அது டிரமுக்குள் கழன்றால் சில்லு அப்படியே இறுகிவிடலாம். ஓட்டி வந்தவருக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளை ஒன்று இருந்தது.

சொகுசு வாகனத்துக்கு எவ்வளவு வரியும் போடட்டும். பிரேக் சூ, ரயர், லைட், செயின் செட், இவற்றுக்கு வரியைக் குறைக்க வேண்டும். இவை உயிர் காக்கும் சாமான்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தர முத்திரை இல்லாத பிரேக் சாமான் கடைக்கு வரக்கூடாது. அந்தப் பரிசோதனை துறைமுகத்தில் நடக்க வேண்டும், மாங்குளத்துச் சின்னக் கடைக்காரரைப் பிடித்துத் தண்டம் அடிப்பதால் ஒன்றும் ஆகாது.

புகை அளக்கிற இடத்திலேயே பிரேக்கையும் பார்க்கட்டும். குறை இருந்தால் திருத்திக்கொண்டு வர ஒரு மாதம் கொடுக்கட்டும், உடனே வண்டியைப் பறிக்க வேண்டாம். பார்க்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த நம் மெக்கானிக் அண்ணைமாருக்கும், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற முறை ஏற்கெனவே இருக்கிறது. அவர்களை அழைத்து அந்த வேலையைக் கொடுங்கள்.