ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி, அழைப்பு மட்டும் வரவில்லை

தகுதி இருந்தால் வாய்ப்பு தானாக வரும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், எனக்கு உடனே 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணிதான் நினைவுக்கு வரும். இது நாம் ஆடுகிற கால்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அந்த ஆட்டமே தெரியாதவர்களும் இந்த அணியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

அது இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் ஒரு சின்ன கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். பணபலம் கிடையாது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அந்த சீசனில் அவருடைய அணி ஒன்பது ஆட்டம் ஆடியது, ஒன்பதிலும் ஜெயித்தது. ஆலி மேட்சன் என்ற கறுப்பின இளைஞர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியே 1,566 கஜம் சேர்த்தார். நாட்டிலேயே அந்த ஆண்டு அதுதான் முதலிடம். அதோடு 21 டச்டவுன் வேறு. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் டச்டவுன். நியூயார்க் போய் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தோடு மோதிய ஆட்டத்தில், எதிரணி ஆட்டத்தைத் தொடங்க உதைத்த பந்தைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி டச்டவுன் போட்டார். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. அந்த ஆட்டம் 32-26 என்று முடிந்தது. அந்த இரண்டு ஓட்டமும் இல்லையென்றால் தோல்விதான். அணியில் இன்னொரு கறுப்பின வீரர் பர்ல் டோலர். மெம்ஃபிஸில் பிறந்தவர், எதிராளியை மறித்து வீழ்த்துவதில் கெட்டிக்காரர்.

கல்லூரிக் கால்பந்தில் சீசன் முடிந்ததும், நன்றாக ஆடிய அணிகளைப் புத்தாண்டையொட்டி நடக்கும் 'பௌல்' ஆட்டங்களுக்கு அழைப்பார்கள். கௌரவமும் அதில்தான், பணமும் அதில்தான். தோற்காத இந்த அணிக்கு அழைப்பு வரவில்லை. தெற்கு மாநிலங்களில் நடக்கும் ஆட்டம் ஒன்றில் இடம் உண்டு, ஆனால் மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்று நிபந்தனை வந்ததாக அந்த அணியின் வீரர்கள் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் குறிப்பிட்டது மயாமியில் நடக்கும் ஆரஞ்சு பௌலை. வீரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். இதற்குக் கூட்டமோ வாக்கெடுப்போ எதுவும் தேவைப்படவில்லை. 1952 ஜனவரி 1 அன்று ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா டெக்கும் பேய்லரும் ஆடின. இரண்டுமே வெள்ளையர் மட்டும் இருந்த அணிகள்.

இங்கேதான் என் கோபம். இந்த அணியை ஒதுக்கியதற்கு வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு: இவர்கள் பெரிய அணிகளோடு ஆடவில்லையாம், அட்டவணை பலவீனமாம். சரி, அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சான் ஹோசே மாநிலக் கல்லூரியோடு இரண்டு முறை ஆடினார்கள். கடற்படைப் பயிற்சி மையத்து அணியோடும், மரீன் முகாம் அணியோடும்கூட ஆடினார்கள். ஆனால் முந்தைய ஆண்டு, 1950இல், இதே அணி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு மோதி 13-7 என்று போராடித்தான் தோற்றது. 1951 அட்டவணையில் கலிபோர்னியாவும் இல்லை, ஸ்டான்ஃபோர்டும் இல்லை. பெரிய பல்கலைக்கழகம் தேதி கொடுத்தால்தான் சின்னது அதோடு ஆட முடியும். ஆடக் கிடைத்த எல்லோரையும் ஜெயித்துவிட்டு வந்தவனிடம், ஏன் பெரியவர்களோடு ஆடவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? நிறத்தால் ஒதுக்கும் எவரும் 'நிறத்தால் ஒதுக்குகிறேன்' என்று லெட்டர்பேடில் எழுதித் தர மாட்டார்கள். அட்டவணை, தரம், நடைமுறை என்று பாதி உண்மையான ஒரு காரணம் எப்போதும் தயாராகக் கையில் இருக்கும்.

அட்டவணை பற்றிய சந்தேகத்துக்குப் பதில் சீக்கிரமே கிடைத்தது. அந்த ஒரு அணியிலிருந்து ஒன்பது பேர் தொழில்முறை அணிகள் ஆடும் தேசியக் கால்பந்து லீக்குக்குப் போனார்கள். மேட்சன், ஜீனோ மார்க்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் என மூன்று பேர் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இடம்பெற்றார்கள். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குச் சொல்லும் வேலையில் இருந்த பீட் ரோசெல் 1960இல் அந்த லீக்கின் ஆணையராகவே ஆனார். மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். ஆனால் 1951இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு ஓட்டு எண்ணியபோது அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்.

'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானத்தையும் நான் ஏற்பதில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1948 ஜனவரி 1 அன்று, டல்லாஸில் நடந்த காட்டன் பௌலில் பென் ஸ்டேட் அணி தன் இரண்டு கறுப்பின வீரர்களோடு இறங்கி ஆடியது. ஆட்டம் 13-13 என்று சமனில் முடிந்தது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அப்புறம், முடியாது என்று மறுத்த சான் பிரான்சிஸ்கோ வீரர்களும் அதே காலத்து ஆட்கள்தானே? அதில் மார்க்கெட்டி போன்றவர்கள் இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவர்கள். அவர்களுக்குப் புரிந்தது, அழைப்பு அனுப்பும் கமிட்டிக்காரர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அதே சீசனில் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் நடந்ததையும் பாருங்கள். அக்டோபர் 20. டிரேக் பல்கலைக்கழகத்தின் ஜானி பிரைட், கறுப்பின வீரர், பந்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து தள்ளி நிற்கிறார். அவர் கையில் எதுவும் இல்லை, யாரும் அவரை மறிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எதிரணியான ஸ்டில்வாட்டர் கல்லூரியின் வீரர் ஒருவர் நேராக அவரை நோக்கி வந்து முகத்தில் முழங்கையால் இடிக்கிறார். தாடை உடைகிறது. டெமாய்ன் ரிஜிஸ்டர் பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் இதை வரிசையாகப் படம் பிடித்தார்கள், அடுத்த ஆண்டு அந்தப் படங்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உடைந்த தாடையோடு பிரைட் 61 கஜ டச்டவுன் பாஸ் ஒன்றும் எறிந்தார். அடித்தவருக்குத் தண்டனை இல்லை. வெறுத்துப்போய் டிரேக், இரண்டு கல்லூரிகளும் ஆடிவந்த கூட்டமைப்பைவிட்டே வெளியேறியது. ஸ்டில்வாட்டரில் உள்ள அந்தக் கல்லூரி, இன்றைய ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம், வருத்தம் தெரிவித்தது 2005இல், பிரைட் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

சான் பிரான்சிஸ்கோவுக்கு அந்த மறுப்பு இனாமாகக் கிடைக்கவில்லை. அணியை நடத்துவதில் ஏற்கெனவே பெரிய நஷ்டம். பௌல் ஆட்டத்துப் பணம் வந்திருந்தால் ஒருவேளை தாக்குப்பிடித்திருக்கலாம். வரவில்லை. தோற்காத அந்த சீசன் முடிந்த கையோடு பல்கலைக்கழகம் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. இந்தக் கதையை நெகிழ்ச்சியோடு பகிர்கிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

டோலரைப் பற்றியும் குறைவாகத்தான் எழுதுகிறார்கள். 1952இல் முழங்காலில் பட்ட காயத்தால் அவர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் போனது. ஆசிரியரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி முதல்வரானார். 1965இல் தேசியக் கால்பந்து லீக்கின் முதல் கறுப்பின நடுவராகக் களத்துக்குத் திரும்பி வந்து, 25 சீசன் நடுவராக இருந்தார். 1980 ஜனவரியில் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் அந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் நடந்தபோது, நடுவர் குழுவில் தலைமை லைன்ஸ்மேன் அவர்தான். 1951இல் லயோலா பல்கலைக்கழக அணியை 20-2 என்று ஜெயித்து அந்த அணி தன் கடைசி ஆட்டத்தை முடித்ததும் அதே மைதானத்தில்தான்.

2006இல் அந்த அணியில் உயிரோடு இருந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால் 2017இல் அங்கே நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வளாகத்தில் ஒரு மாணவர் விடுதிக்கு ஜேம்ஸ் ஃபீலன் பெயர் இருந்தது. நகரத்தின் முன்னாள் மேயர், பிறகு செனட்டர், 'கலிபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம்' என்று சொல்லி 1920இல் ஓட்டுக் கேட்டவர். அந்தப் பெயரை எடுத்துவிட்டு, விடுதிக்கு பர்ல் டோலர் பெயரை வைத்தார்கள். டோலர் 2009இலேயே காலமாகிவிட்டார். எட்டு ஆண்டுகள் முன்னால் செய்திருந்தால் அவரே வந்து பார்த்திருப்பார் என்பதுதான் என் ஆதங்கம்.