முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள், அப்புறம் கர்வியா ஸ்லிம்மா என்று பேசலாம்

பெண்களின் உடல்வாகு பற்றி எங்கே பேச்சு கிளம்பினாலும் இரண்டே கட்சிதான். கர்வி, அதாவது வளைவான உடம்பு, ஒரு பக்கம்; ஸ்லிம், அதாவது மெலிந்த உடம்பு, மறுபக்கம். உங்களுக்கு எது பிடிக்கும் என்று வாக்கெடுப்பு வேறு நடத்துகிறார்கள். எனக்கு இதில் ஒரே ஒரு தகராறு: இவை இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்களே அல்ல. உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் வரும் பதில் ஸ்லிம். இருப்பது எங்கே இருக்கிறது, இடைக்கும் ஹிப்புக்கும் (பிட்டத்தின் சுற்றளவு) எத்தனை வித்தியாசம் என்று கேட்டால் வரும் பதில் கர்வி. ஒரு பெண் இரண்டாகவும் இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

எல்லோர் வாயிலும் புழங்கும் அந்த 36-24-36ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்; மார்பு, இடை, ஹிப் என்ற வரிசையில் இஞ்ச் அளவு. 24 இஞ்ச் இடை என்றால் மெலிந்த உடம்புதான். அதே 24ஐ 36ஆல் வகுத்தால் 0.67. இதுதான் இடை-ஹிப் விகிதம், இது குறையக் குறைய வளைவு கூடும். இதற்கு மேல் வளைவு கேட்பது பேராசை. ஆக, அந்த அளவுக்காரர் ஸ்லிம்மும்தான், கர்வியும்தான். இப்போது 40-37-40 என்று ஒருவர். விகிதம் 0.925. பூசினாற்போல உடம்பு, ஆனால் நேர்க்கோடு. துணி விற்பவர்கள் இவரைத்தான் கர்வி என்று எழுதுகிறார்கள். குண்டு என்று சொல்ல நா கூசுகிறது, அதனால் இன்னொரு சொல்லைக் கடன் வாங்குகிறார்கள். அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவது யார் என்றால், கர்வி ஃபிட் என்ற லேபிளை நம்பி பேன்ட் வாங்கி, இடையில் நுழையாமல் திருப்பி அனுப்பும் அதே பெண்தான். கர்வி ஃபிட் என்று வெட்டப்படும் பேன்ட்டில் ஹிப் அளவுக்கு இடை வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும். பெரிய சைஸ் என்பது அதன் பொருள் கிடையாது.

அளவெடுப்பதிலேயே பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இடுப்பு என்று சொல்லிவிட்டு ஒருவர் தொப்புளில் டேப்பைச் சுற்றுவார், இன்னொருவர் பேன்ட் நிற்கும் இடத்தில் சுற்றுவார். இதிலேயே 2, 3 இஞ்ச் சர்வசாதாரணமாக மாறிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம் துல்லியமானது. பக்கவாட்டில் விரலால் அழுத்தித் தேடுங்கள். கைக்குத் தட்டுப்படும் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பு ஒன்று, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு ஒன்று. இரண்டுக்கும் சரிபாதியில் டேப் போக வேண்டும், அதுதான் இடை. கால்களைச் சேர்த்து நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது அளவைப் படிக்க வேண்டும். வயிற்றை எக்கினால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். ஹிப் என்பது பிட்டத்தின் மிக அகன்ற இடம், தையல்காரர்கள் சீட் என்பார்களே, அது. டேப் முன்னும் பின்னும் தரைக்கு இணையாக ஓடுகிறதா என்று கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். முதுகுப் பக்கம் ஏறிக்கொள்வதுதான் வழக்கமான தப்பு. இரண்டு முறை எடுத்து, வித்தியாசம் 1 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சராசரியை எழுதுங்கள், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

உடை வடிவமைப்பவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டது. மார்பும் ஹிப்பும் கிட்டத்தட்ட சமமாக இருந்து, மார்பைவிட இடை 9 இஞ்சாவது, அல்லது ஹிப்பைவிட இடை 10 இஞ்சாவது குறைந்தால் அது ஹவர்கிளாஸ், அதாவது மணற்கடிகார வடிவம். மார்புக்கும் ஹிப்புக்கும் வித்தியாசம் 3.6 இஞ்சுக்குள் இருந்து, இடை அந்த அளவுக்கு உள்வாங்காவிட்டால் செவ்வகம். இந்தக் கணக்கை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது பெரிய கூட்டம் செவ்வகத்தில்தான் நின்றது. ஹவர்கிளாஸ் பத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஆனால் சந்தையில் பாதி உடை அந்த ஒருவரை மனதில் வைத்து வெட்டப்படுகிறது!

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 10 இஞ்ச் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். 34 ஹிப்புக்கு 24 இடை என்றால் விகிதம் 0.71, கண்ணுக்கு வளைவு பளிச்சென்று தெரியும். 50 ஹிப்புக்கு 40 இடை என்றாலும் அதே 10 இஞ்ச்தான், விகிதமோ 0.80. பார்வைக்கு விகிதம், துணி வெட்ட இஞ்ச் என்று பிரித்து வைத்துக்கொள்வதுதான் சரி என்பேன்.

வளைவு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி எலும்பு. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தால் இடை உள்வாங்க வழி இருக்கிறது. இரண்டே விரல் என்றால் எத்தனை மெலிந்தாலும் உடம்பு நேராகத்தான் இறங்கும். எடையைக் குறைத்தும் இடை வரவில்லையே என்று புலம்புகிறவர்கள் முதலில் அந்த இடத்தை விரலால் அளந்து பார்க்கட்டும். ஹிப் டிப் என்று இப்போது பெரிய கவலையாக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பக்கவாட்டுப் பள்ளமும் பெரும்பாலும் இதே கதைதான். மேலே இடுப்பெலும்பின் விளிம்பு, கீழே தொடை எலும்பின் துருத்தல், நடுவில் தாங்க எலும்பு இல்லாததால் விழும் குழிவு. பத்தே நாளில் அதை நிரப்பும் உடற்பயிற்சி என்று வீடியோ போடுபவர்கள் எந்த எலும்பை நகர்த்தப் போகிறார்களோ தெரியவில்லை.

அடுத்தது கொழுப்பு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதிகம் சுரக்கும் காலத்தில் உடம்பு கொழுப்பைத் தொடையிலும் பிட்டத்திலும் சேர்க்க விரும்பும். மாதவிடாய் நின்ற பிறகு அது வயிற்றுப் பக்கம் இடம் மாறும். எடை கூடாமலே 50 வயதுக்கு மேல் இடை தடிப்பது இதனால்தான், சோம்பலால் என்று ஏசுவது அநியாயம். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் கதை. தசை வலுக்கும், கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் அதன் இஷ்டப்படிதான் இறங்கும். மெலியும்போது மார்பு முதலில் இறங்கி வயிறு கடைசிவரை அடம்பிடிக்கும் உடம்புகள் நிறைய.

நம் கையில் இருப்பது பிட்டத் தசை ஒன்றுதான். ஹிப் த்ரஸ்ட், ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற எடைப் பயிற்சிகளை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்து, தூக்கும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, புரதம் போதிய அளவு சாப்பிட்டால் சில மாதங்களில் ஹிப் அளவில் மாற்றம் தெரியும். இடையை இறுக்கிக் கட்டும் வெயிஸ்ட் ட்ரெய்னர் பெல்ட் கழற்றும்வரைதான் இடை தரும், கூடவே நெஞ்செரிச்சலும். கொழுப்பை உறிஞ்சிப் பிட்டத்தில் ஏற்றும் அறுவை சிகிச்சையில், 2017இல் வந்த மருத்துவ ஆய்வறிக்கை சுமார் 3000 பேருக்கு ஒருவர் இறப்பதாகக் கணித்தது. தசைக்குள் செலுத்தும் கொழுப்பு அங்குள்ள பெரிய ரத்தக் குழாய்களில் புகுந்து நுரையீரலை அடைப்பதே காரணம். அழகு சிகிச்சைகளில் இவ்வளவு ஆபத்தானது வேறில்லை என்றே அன்று கருதப்பட்டது.

ஆண்களுக்கு இயற்கையாகவே 0.7 என்ற இடை-ஹிப் விகிதம்தான் பிடிக்கும், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று கமெண்டில் வருபவர்களுக்கு: உளவியலாளர் தேவேந்திர சிங் 1993இல் வெளியிட்ட ஆய்வு அது. மெலிவு, நடுத்தரம், பருமன் என மூன்று எடை, ஒவ்வொன்றிலும் 0.7 முதல் 1.0 வரை நான்கு விகிதம், ஆக 12 கோட்டோவியங்கள். முன்னால் வந்தது நடுத்தர எடையில் 0.7. எடையும் வளைவும் வேறு வேறு என்று அவரே தனித்தனியாகப் பிரித்துத்தான் வரைந்தார் என்பதைக் கவனியுங்கள். இடையை மட்டும் ஒடுக்கி வரைந்ததால் உருவமே ஒல்லியாகத் தெரிகிறது, பிடித்தது ஒல்லியா வளைவா என்று எப்படிச் சொல்வது என்று பின்னால் வந்தவர்கள் மடக்கினார்கள். பெரு நாட்டின் மட்சிகெங்கா பழங்குடி மக்களிடம் கேட்டு 1998இல் வெளியான ஆய்வில், வெளியுலகத் தொடர்பு குறைவாக இருந்தவர்கள் இடை தடித்த உருவத்தையே விரும்பினார்கள். இயற்கை என்று அடித்துப் பேசும் முன் இதையும் படித்துவிடுங்கள்.

உடல்நலத்துக்கு இந்த இரண்டு பட்டமும் வழிகாட்டாது. பெண்களுக்கு இடை-ஹிப் விகிதம் 0.85 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. அதைவிட எளிது, இடை உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. 160 சென்டிமீட்டர் உயரம் என்றால் 80க்குள். கைகால் குச்சியாக இருந்து இடை மட்டும் 86 சென்டிமீட்டர் என்றால் ஊர் ஸ்லிம் என்று பாராட்டும், உள்ளுறுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்து மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் போனால் அது வெற்றி இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

உடை விஷயத்தில் கர்வியான ஸ்லிம்காரர்தான் அதிகம் அவதிப்படுகிறார். ஹிப் 38, இடை 26 என்று வையுங்கள். ஹிப்புக்கு ஏற்ற பேன்ட் முதுகுப் பக்கம் வாயைப் பிளந்து நிற்கும். இடைக்கு ஏற்றது தொடைக்கு மேல் ஏறாது. எப்போதும் ஹிப்புக்கு வாங்குங்கள், இடையைப் பின்நடுத் தையலில் பிடித்துக்கொள்ளலாம். பேன்ட்டின் இடைப் பட்டியையும் சேர்த்துப் பிரித்துப் பிடிக்க வேண்டும். வெறும் டார்ட், அதாவது துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பு, மட்டும் போட்டால் பட்டி சுருங்கி முறுக்கிக்கொள்ளும். 2 இஞ்சுக்கு மேல் ஒரே இடத்தில் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் நெருங்கி முட்டிக்கொள்ளும், மிச்சத்தைப் பக்கத் தையல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். செவ்வக உடம்புக்காரருக்கு நேர் எதிர்: இடைக்கு வாங்கி, ஹிப்பில் தொளதொளப்பதைப் பக்கத் தையலில் குறைப்பது. சைஸ் சார்ட்டில் ஹிப் அளவே போடாமல் எஸ், எம், எல் மட்டும் போட்டிருந்தால் அந்தப் பேன்ட்டை அப்படியே விட்டுவிட்டு நகருங்கள்.