பிரீமியத்தோட போகாது
"ஆப்ஷன் வாங்கினா பிரீமியத்துக்கு மேல ஒரு பைசா போகாது"ன்னு ஒரு நண்பர் எழுதியிருக்கார். (ஆப்ஷன்னா குறிச்ச விலைக்கு வாங்கவோ விக்கவோ உரிமை; அதுக்குக் கொடுக்கிற விலைதான் பிரீமியம்.) நிஃப்டி (பங்குச் சந்தைக் குறியீடு) ஆப்ஷனுக்குச் சரி, அது பணமாவே தீர்ந்துடும். பங்கு ஆப்ஷன் அப்படியில்லை. 2019 அக்டோபர்லேர்ந்து எல்லாமே டெலிவரிதான், அதாவது பங்கே கை மாறணும். லாட் (ஒரு ஒப்பந்தத்துல உள்ள பங்கு) 500, ஸ்டிரைக் (குறிச்ச விலை) 1,000, கால் (வாங்குற உரிமை) பிரீமியம் பங்குக்கு 10 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 5,000 ரூபாதானேன்னு விட்டுடுவீங்க. எக்ஸ்பைரி (ஆப்ஷன் முடியுற நாள்) அன்னைக்கு பங்கு ஸ்டிரைக்குக்கு மேல, 1,004-ல முடிஞ்சா, 5 லட்சம் கட்டி 500 பங்கையும் எடுத்தாகணும். அப்புறம் விலை சரிஞ்சா அந்த நஷ்டமும் நம்ம தலையிலதான். பங்கு ஸ்டிரைக்குக்குக் கீழ முடிஞ்சு, புட் (விக்கிற உரிமை) வாங்கினவர்கிட்ட கொடுக்க பங்கு இல்லைன்னா இன்னும் மோசம், ஏலத்துக்குப் போகும்; அந்தச் செலவு அவர் தலையிலதான். கடைசி சில நாள் புரோக்கர் மார்ஜின் (ஈட்டுப் பணம்) கேட்டு மெசேஜா அனுப்புறது (யாரும் படிக்கிறதில்ல) இதுக்குத்தான். எக்ஸ்பைரிக்கு முன்னாடியே வித்துட்டு வெளிய வந்தாலோ, ஆப்ஷன் மதிப்பில்லாம முடிஞ்சாலோ மட்டும்தான் நண்பர் சொன்ன கணக்கு செல்லும்.