அதைப் பெடியன் பார்த்துக்கொள்வான்

அங்கிள்: அப்போ இந்தக் கமரா 24 மெகாபிக்சல்தானா, பிள்ளை?

சுகந்தி: 24 தாராளமாகக் காணும், அங்கிள்.

அங்கிள்: எங்கள் அக்காவின் பெடியன் வைத்திருக்கிற போன் 108. சட்டைப் பையில் போடுகிற சாமானுக்கே 108. இது கழுத்தில் தொங்குகிற சாமான், நாலில் ஒரு பங்குகூட இல்லையே!

சுகந்தி: அந்தப் போனுக்குள் படம் விழுகிற சென்சர் 1 சென்ரிமீற்றர் அகலம்கூட வராது. இதற்குள் இருப்பது 2 சென்ரிமீற்றருக்கு மேல். இருட்டான இடத்தில் அந்தப் பரப்புத்தான் கை கொடுக்கும். 24 மெகாபிக்சல் என்றால் 20 அங்குல அகலத்துக்கு அச்சடித்தாலும் துலக்கமாக இருக்கும். நீங்கள் எவ்வளவு பெரிதாக அச்சடிக்கப் போகிறீர்கள்?

அங்கிள்: அச்சடிக்கவா? வாட்ஸ்அப்பில் போடத்தான்.

சுகந்தி: வாட்ஸ்அப் 108ஐயும் சுருக்கும், 24ஐயும் சுருக்கும். அதற்குப் பாரபட்சம் கிடையாது.

அங்கிள்: விலை கூடினதில் கூட இருக்கும்தானே?

சுகந்தி: நிகோன் டி3500 புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. 24.2. கொஞ்சம் கை பழகினவர்கள் டி7500க்குப் போவார்கள். அது 20.9.

அங்கிள்: காசு கூட, மெகாபிக்சல் குறைவா? பிள்ளை, உம்மை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

(நான் சுகந்தியின் ஸ்ரூடியோவில் அடையாள அட்டைப் படத்துக்குத் தலை சீவிக்கொண்டு வாங்கில் காத்திருந்தேன். சுகந்தி கணினியைப் பார்த்தபடி ஒருமுறை மூச்சு விட்டாள்.)

சுகந்தி: டி7500 வினாடிக்கு 8 படம் எடுக்கும், டி3500 5. பழைய நிகோன் லென்ஸ்களைத் தானாக ஃபோகஸ் பண்ண வைக்கிற மோட்டாரும் அதற்குள் இருக்கிறது. டி3500இல் அந்த மோட்டார் இல்லை, கையால்தான் திருக வேண்டும். அதோடு டி3500ஐ இப்போது தயாரிப்பதும் இல்லை. கம்பனிகள் அநேகமாக எல்லாம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன.

அங்கிள்: அதென்ன, பெடியனும் சொன்னான்?

சுகந்தி: உள்ளே கண்ணாடி இல்லாத கமரா.

அங்கிள்: கண்ணாடி இல்லையென்றால் விலை குறையுமே.

சுகந்தி: கூடும்.

அங்கிள்: உள்ளே இருந்த சாமானைக் கழற்றி வைத்துக்கொண்டு விலையைக் கூட்டுகிறானா! சரி, அது கிடக்கட்டும். லென்ஸ் செலவு எனக்கு இல்லை. இதைப் பாரும். அத்தான் கப்பலில் இருந்தபோது சிங்கப்பூரில் வாங்கினது. நிகோன்!

(சீலைப் பையிலிருந்து துவாய், துவாய்க்குள் தோல் உறை, உறைக்குள் லென்ஸ். சுகந்தி அதை ரியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பின்பக்கமாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு எனக்கும் காட்டினாள். உள்கண்ணாடியில் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது.)

சுகந்தி: எங்கே வைத்திருந்தீர்கள்?

அங்கிள்: அலுமாரியில். இப்படியே துவாய் சுற்றி. பத்திரமாக.

சுகந்தி: பங்கஸ் பத்திரமாக வளர்ந்திருக்கிறது. கடற்கரை ஊரில் தோல் உறைக்குள் வைத்தால் ஈரம் வெளியே போகாது, அங்கிள். காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும்.

அங்கிள்: பூச்சி உருண்டை போட்டேனே?

சுகந்தி: அதுதான் பூச்சி ஒன்றையும் காணவில்லை. சரி, கமரா கிடைத்தால் என்ன எடுக்க ஆசை? கோணேசர் கோயில் வழியில் நிற்கிற மான்கள் என்றால் கமராவோடு வருகிற 18-55 மில்லிமீற்றர் லென்ஸ் போதும், அவை பையைத் தேடிக் கிட்டவே வரும். திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறதென்றால் 300 வரைக்கும் இழுக்கிற லென்ஸ் வேண்டும்.

அங்கிள்: மானையும் மீனையும் யார் எடுப்பது? வீட்டு விசேஷம்தான். மண்டபம், கோயில், அப்படி.

சுகந்தி: அப்படியென்றால் கமராவில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள். 18-55ஐ 55இல் வைத்தால் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. இந்த எண் குறையக் குறையத்தான் துவாரம் பெரிது. 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல 10 மடங்கு அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மண்டப வெளிச்சத்துக்கு அதுதான் சரி. பின்னுக்கு அடுக்கியிருக்கிற பிளாஸ்ரிக் கதிரைகளும் மங்கிப்போகும்.

அங்கிள்: அதைப் பெடியன் பார்த்துக்கொள்வான்.

சுகந்தி: இருட்டில் படத்தை வெளிச்சமாக்க ஐஎஸ்ஓ என்கிற எண்ணைக் கண்டபடி ஏற்றினால் படத்தில் புள்ளி விழும்.

அங்கிள்: பெடியன் பார்த்துக்கொள்வான்.

சுகந்தி: ஷட்டர் வேகம் குறைந்தால் ஆட்கள் அசைகிறபோது முகம் கலங்கும். பிளாஷை நேரே அடித்தால்...

அங்கிள்: பெடியன்.

சுகந்தி: பெடியன் எங்கே படம் எடுக்கப் பழகினவர்?

அங்கிள்: பழகவா? ஓ/எல் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறான். கமராவைக் கையில் கொடுத்தால் சும்மா எடுத்துத் தருவான்.

சுகந்தி: எதை?

அங்கிள்: எங்கள் மூத்தவளின் கலியாணத்தை. ஆவணியில்.

சுகந்தி: அந்தக் கலியாணத்துக்குப் போன மாதம் நான்தானே விலை எழுதித் தந்தேன்?

அங்கிள்: ஓம் ஓம், நீர்தான்! அந்தக் காசுக்கு ஒரு கமராவே வாங்கலாம் என்று ஆன்ரி சொன்னா. எந்தக் கமரா நல்லது என்று யாரைக் கேட்பது? திருகோணமலையில் உம்மை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

(அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு பாசம்.)

சுகந்தி: கலியாணச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? சமையல்காரரிடம் எந்தக் கிடாரம் நல்லது என்று கேட்டு வாங்கிவந்து பெடியனையே சமைக்க விடலாமே?

அங்கிள்: சாப்பாட்டில் விளையாட முடியுமா, பிள்ளை! 400 பேர் வருகிறார்கள்.

சுகந்தி: தாலியை ஒரு தரம்தான் கட்டுவார்கள். பெடியனின் பிளாஷ் சார்ஜ் ஏறும்வரை மாப்பிள்ளை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா?

அங்கிள்: சொன்னால் நிற்பார். நல்ல குணம்.

சுகந்தி: மேளக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.

அங்கிள்: சொல்லலாம்.

சுகந்தி: ஐயருக்கு?

அங்கிள்: ஐயர் கொஞ்சம் கரைச்சல்தான்.

சுகந்தி: அங்கிள், பெடியன் விடியப்புறம் வந்தால் இரவு வரைக்கும் நிற்க வேண்டும். பந்தியில் அவனை ஒருவரும் தேட மாட்டார்கள். ‘தம்பி, இங்கே ஒன்று எடு, அங்கே ஒன்று எடு’ என்று சொல்ல மட்டும் 400 பேர் இருப்பார்கள். சொந்த மச்சாளின் கலியாண அல்பத்தில் அவன் ஒருவனுடைய முகம்தான் இருக்காது. பிறகு மாமி கண்ணை மூடியிருக்கிற படத்துக்கு ஆயுள் முழுக்க அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அங்கிள்: அவனிடம் என்ன கேட்பது? கமரா கொடுக்கிறோமே.

சுகந்தி: அவனுக்கே கொடுத்துவிடுகிறீர்களா?

அங்கிள்: கலியாணம் முடியும்வரைக்கும். பிறகு சின்னவளுக்கும் தேவைப்படும் அல்லவா? அலுமாரியில் வைத்துவிடுவோம்.

சுகந்தி: துவாய் சுற்றி?

அங்கிள்: துவாய் சுற்றி.

(எனக்கு அடக்க முடியவில்லை. சீப்பால் வாயை மறைத்துக்கொண்டேன்.)

அங்கிள்: சரி, இவ்வளவு சொல்கிறீர். உம்முடைய கமராவை அன்றைக்கு ஒரு நாள் வாடகைக்குத் தருவீரா?

சுகந்தி: தருவேன். ஆனால் அது தனியாக வராது. நானும் கூட வருவேன்.

அங்கிள்: இரண்டும் சேர்த்து எவ்வளவு?

சுகந்தி: போன மாதம் எழுதித் தந்தேனே, அதே விலை.

அங்கிள்: பெடியனை உமக்கு உதவிக்கு அனுப்பினால் எவ்வளவு குறைப்பீர்?

சுகந்தி: அவனுக்கு நான் சம்பளம் கொடுப்பேன், அங்கிள். விலை கூடும்.