ஜோக்கை விளக்கினால் செத்துவிடுமா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாதம் ஒரு சனிக்கிழமை ஆறேழு பேர் மாமாக் சாப்பாட்டுக் கடையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு உட்காருவோம். எல்லாரும் நிரல் எழுதுகிறவர்கள். பிழைப்புக்கு ஜாவா, பைத்தான் என்று ஆளுக்கொரு நிரல்மொழி இருக்கிறது. ஆசைக்கு ஹாஸ்கெல். போன முறை புதிதாக ஒரு பெண் வந்திருந்தார், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) வருவதற்குள், ஹாஸ்கெலில் வரும் ஒரு கருத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார்: "அண்ணே, மோனாட்னா என்ன?"

எங்களில் ஒருவர் அந்தப் பழைய பதிலை எடுத்து விட்டார். "எண்டோஃபங்க்டர்களின் கேட்டகரியில் அது ஒரு மோனாய்டு, அவ்வளவுதான். இதில் என்ன பிரச்சினை?" மேசையே சிரித்தது. நானும்தான். அந்தப் பெண்ணும் சிரித்தார். ஆனால் அது, கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்கள் பழைய கதை பேசும்போது மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. ரொட்டி சானாயை முடிக்கும் வரை அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்கு உறுத்தியது. நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது எனக்கும் ஒருவர் இதையேதான் சொன்னார். அதை நிஜமான விளக்கம் என்று நம்பி, அந்தச் சொற்கள் வருகிற கணிதத் துறையான கேட்டகரி தியரியில் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, முப்பதாம் பக்கத்தில் ஹாஸ்கெலையும் சேர்த்து மூடி வைத்தேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் கதை தெரிந்தது. 2009இல் ஜேம்ஸ் ஐரி என்பவர் நிரல்மொழிகளின் வரலாற்றை நையாண்டியாக எழுதினார். ஹாஸ்கெலை உருவாக்கிய குழுவில் ஒருவரான பிலிப் வாட்லர் சொன்னதாக அந்த மோனாய்டு வசனத்தை அதில் வைத்தார். வாட்லர் சொன்னதல்ல. ஹாஸ்கெல்காரர்கள் விளக்கம் சொல்லும் லட்சணத்தைக் கேலி செய்த வரி அது. கணிதப்படி சரியாகவும் இருக்கிறது, குசும்பே அதில்தான். நம்மைக் கிண்டலடித்த வரியை நாமே தூக்கி வந்து, புதிதாக வருகிறவர் தலையில் போடுகிறோம்.

ஜோக்கை விளக்கினால் செத்துவிடும் என்பார்கள். தமிழ் படித்த யாரும் இதை நம்பக் கூடாது. பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை என்று பள்ளியில் படித்தோமே, ஆசிரியர் பதம் பிரித்துச் சொன்ன பிறகுதானே சிரிப்பு வந்தது? சின்னக் கூட்டத்தின் ஜோக்கும் அப்படித்தான், உரையோடு வர வேண்டும்.

ஹாஸ்கெலுக்கு ஒரு வேடிக்கையான கொள்கை வாசகம் உண்டு. அதை உருவாக்கிய குழுவில் இன்னொருவரான சைமன் பேட்டன் ஜோன்ஸ் சொல்லிச் சொல்லிப் பிரபலமானது. ஒருநாள் டிஷ்யூ தாளில் அதைத் தமிழாக்கிப் பார்த்தோம்: 'எப்பாடு பட்டாவது வெற்றி பெறுவதைத் தவிர்.' ஆச்சரியம், சிலேடை தமிழிலும் அப்படியே நின்றது. 'எப்பாடு பட்டாவது' என்பதை 'தவிர்' உடன் சேர்த்தால், வெற்றி பக்கமே போகாதே என்று ஆகிறது. 'பெறுவதை' உடன் சேர்த்தால், எதையும் பலி கொடுத்து வரும் வெற்றி வேண்டாம் என்று ஆகிறது. ஒரு மொழியை ரொம்பப் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால் அதில் எதையும் மாற்ற முடியாது, எழுதி வைத்த நிரல்கள் எல்லாம் உடையும். 1990இல் வந்த மொழி இன்னும் புதிதாக எதையாவது செய்து பார்க்கிறது என்றால் அந்தச் சுதந்திரமும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் வாசகத்தை மட்டும் வீசினால் திமிராகத்தான் தெரியும்.

இன்டர்கால் என்று ஒன்று, 1972இல் இரண்டு பிரின்ஸ்டன் மாணவர்கள் விளையாட்டுக்குச் செய்த மொழி. அதில் அங்கங்கே 'ப்ளீஸ்' போட வேண்டும். குறைந்தால் மரியாதை தெரியாதவன் என்று, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அதைத் தள்ளிவிடும். கூடினாலும் தள்ளிவிடும், ரொம்பக் குழைகிறாயாம். நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாமாக்கில் 'அண்ணே' போடாமல் தே கேட்டுப் பாருங்கள். வரிக்கு வரி 'அண்ணே' போட்டும் பாருங்கள், கடன் கேட்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்.

எங்கள் சொந்தச் சரக்கும் ஒன்று இருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் ஒரு பகுதி முடிந்தால் 'முடி' என்று எழுத வேண்டும். எழுத மறந்தால் பிழை. அதை நாங்கள் 'முடி கொட்டிருச்சு' என்போம். எங்களோடு வரும் சீன நண்பருக்கு இதை விளக்க முழுதாகப் பத்து நிமிடம் ஆனது. ஜோக் சாகவில்லை. அடுத்த மாதம் ஒருவர் லுவா என்ற மொழியில் எழுதிய நிரலில், பகுதியை முடிக்கிற ஒரு 'எண்ட்' விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்த சீன நண்பர், எங்கள் கூட்டத்தில் தலை வழுக்கையான ஒரே ஆள் பக்கம் திரும்பி, "அண்ணே, முடி!" என்றார். தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் இப்போதைக்கு அந்த இரண்டும் 'சாப்டாச்சா'வும்தான்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம். நேற்று வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு, ஐரி, வாட்லர், நையாண்டி என்று முழுக் கதையையும் நீளமாக எழுதி அனுப்பினேன். அஞ்சு நிமிடத்தில் பதில் வந்தது.

"ஜோக் புரிஞ்சுது அண்ணே. ஆனா மோனாட்னா என்னன்னு இன்னும் சொல்லலயே?"