போன் ஒயரும் ஒயர்தான், கொஞ்சம் மதியுங்கள்!

வீடு கட்டும்போது டெலிபோன் ஒயரிங்கை ஒரு வேலையாகவே மதிக்காத எலக்ட்ரீஷியன்களையும், அதைக் கண்டும் காணாமல் பூசி மூடச் சொல்லும் பில்டர்களையும் நினைத்தால் வயிறு எரிகிறது. ‘சும்மா ரெண்டு ஒயர்தானே சார்’ என்று சொல்லிவிட்டு அவர்கள் சுவருக்குள் புதைத்துவிட்டுப் போனதை இப்போது தோண்டி எடுத்துக்கொண்டிருப்பது நான்.

எங்கள் வீட்டுக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். ஹாலில் ஒரு போன், அம்மா படுக்கும் அறையில் ஒரு போன். அம்மாவுக்குக் காது மந்தம். செல்போனில் பேசினால் பாதி புரியாது. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துப் பேசினால்தான் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். அந்த அறை போன் ஐப்பசி பிறந்தால் போதும், கரகரவென்று ஆரம்பித்துவிடும். நாலு நாள் மழை பிடித்தால் டயல் டோனே போய்விடும். அத்தோடு, அதே ஒயரில் வரும் பிராட்பேண்டும் விட்டு விட்டு வரும்.

புகார் கொடுத்தால் லைன்மேன் வருவார். வெளி லைனும் வீட்டு ஒயரும் சேரும் இடமான, வாசலில் இருக்கும் ரோசெட் பெட்டியைத் திறப்பார், கையில் இருக்கும் டெஸ்ட் போனை மாட்டிப் பார்ப்பார். “இது வரைக்கும் லைன் சுத்தமா இருக்கு சார். உள்ள இருக்கறது உங்க ஒயரிங்.” கிளம்பிவிடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னது உண்மை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர், “போன் ஒயர் நாங்க தொடறதில்ல சார், அது டெலிபோன்காரங்க வேலை” என்கிறார். அப்படியென்றால் வீடு கட்டும்போது அதை இழுத்தது யார்? பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கூலி வாங்கியது யார்? காசு வாங்கும்போது உங்கள் வேலை, கெட்டுப்போனால் அடுத்தவன் வேலையா?

பெரிய மனது பண்ணி வந்த ஒருவர் செய்ததைக் கேளுங்கள். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் நியான் டெஸ்டரை எடுத்துப் போன் ஒயரில் வைத்தார். விளக்கு எரியவில்லை. “லைன் டெட் சார்” என்று தீர்ப்பு சொன்னார். போன் லைனில் சும்மா இருக்கும்போது ஓடுவது 48 வோல்ட் டிசி. அதற்கு அந்த டெஸ்டர் எரியாது. மணி அடிக்கும்போதுதான் 75 வோல்ட், அதற்கு மேலும் ஏசி வரும். அந்த நேரத்தில் கை வைத்தால் சுரீரென்று இழுக்கும். இது தெரியாமல் எப்படி அய்யா வீடு வீடாக ஒயரிங் செய்கிறீர்கள்?

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று நானே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் காரியமாக, ரோசெட்டில் வீட்டுக்குள் போகும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் ஒயர் ஜோடியில் நேராக ஒரு போனை மாட்டிக் கேட்டேன். கரகர இல்லை. குற்றவாளி வீட்டுக்குள்தான். இதைக் கண்டுபிடிக்க ஒயர்களையே கழற்ற வேண்டியிருக்கிறது பாருங்கள். பிரிட்டனில் பல ஆண்டுகளாகவே வீட்டுக்குள் வரும் முதல் சாக்கெட்டை அதற்கென்றே வடிவமைத்து வைத்திருக்கிறார்கள். முகப்பின் கீழ்ப்பாதியைக் கழற்றினால் வீட்டு ஒயரிங் முழுக்கத் துண்டிக்கப்பட்டுவிடும், உள்ளே சோதனைக்கென்று ஒரு சாக்கெட் இருக்கும். எண்பது வயதுப் பாட்டிகூடப் போனைச் செருகிப் பார்த்து, கோளாறு உள்ளேயா வெளியேயா என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவிலும் வெளிச்சுவரில் அப்படி ஒரு பெட்டி வைப்பது வழக்கம். நம் வீடுகளில் அந்த ஒரு வசதியை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் குளியலறைச் சுவரை ஒட்டி, மேலே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். மூடியைக் கழற்றியதுமே ரத்தம் கொதித்தது. பெட்டிக்குள் 230 வோல்ட் மெயின் ஒயர்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் நடுவே, அவற்றோடு ஒட்டிக்கொண்டு, போன் ஒயர். ஒரே பைப்பில் இரண்டையும் சேர்த்து இழுத்திருக்கிறார்கள். பேசும்போது பின்னால் ஊம் என்று ஒரு சத்தம் எப்போதும் வருமே, அது எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. சத்தம் போகட்டும். மெயின் ஒயரின் இன்சுலேஷன் ஓரிடத்தில் உரிந்து போன் ஒயரில் பட்டிருந்தால்? ரிசீவரைக் காதில் வைத்திருப்பது என் அம்மா. கூலி வாங்கிக்கொண்டு போனவரா வந்து பதில் சொல்வார்?

அந்தப் பெட்டியிலேயே ஒரு ஜாயிண்ட். இரண்டு ஒயரை முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றி விட்டிருக்கிறார்கள். அந்த டேப் வெயிலிலும் ஈரத்திலும் பிசின் கழன்று பிசுபிசுவென்று தொங்குகிறது. பிரித்துப் பார்த்தால் செம்பில் பச்சைக் களிம்பு. கையால் லேசாக இழுத்தேன், கம்பி பொடிந்து வந்தது. மழை பெய்யும்போதெல்லாம் சுவர் ஈரத்தை உறிஞ்சும், களிம்புக்குள் ஈரம் ஏறும், இரண்டு ஒயருக்கும் நடுவே மின்கசிவு ஆரம்பிக்கும். வருடக்கணக்காக அம்மா “ஹலோ, ஹலோ, கேக்கலையே” என்று கத்தியது இந்த விரல் நீள ஜாயிண்ட்டால்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. அறைக்குப் போகும் ஒயரில் காந்தத்தை வைத்தேன், ஒட்டிக்கொண்டது. இரும்புக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு! செம்பு விலை வாங்கிக்கொண்டு இரும்பைப் புதைத்திருக்கிறார்கள். பூச்சு போன இடமெல்லாம் துரு. ஒரு ரோல் நல்ல 0.5 மி.மீ. செம்பு ஜோடி ஒயருக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது? முழு வீட்டு ஒயரிங் செலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. அதிலுமா கை வைக்க வேண்டும்?

பிராட்பேண்ட் ஏன் தடுமாறியது என்பதற்கும் சுவருக்குள்தான் விடை இருந்தது. கிளைகிளையாகப் பிரித்து, யாரும் போன் வைக்காத சமையலறைக்கும் மாடிக்கும் ஒயரை இழுத்து, முனையை அப்படியே விட்டிருக்கிறார்கள். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், அதற்கு இந்த மொட்டைக் கிளைகள் பெரிய தொந்தரவு இல்லை. இன்டர்நெட் சிக்னல் அதே ஜோடியில் மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகிறது. மொட்டை முனை வரை போய் மோதித் திரும்பி வந்து நல்ல சிக்னலையும் கெடுக்கிறது. போதாததற்கு மோடத்தை இத்தனை கிளைக்கும் கடைசியில் கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரை வைத்து, ஒரு காலில் மோடம், இன்னொரு காலில் போன்கள் என்று பிரித்திருந்தால் முடிந்தது கதை.

எல்லாவற்றையும் கழற்றினேன். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன், வெளி லைனையும் ரோசெட்டில் பிரித்துவிட்டேன். பழைய பைப்பில் போன் ஒயரை மறுபடி விட எனக்கு மனம் வரவில்லை. சுவரோரமாகத் தனியாக பிவிசி கேசிங் அடித்து, அதில் முறுக்கிய செம்பு ஜோடியை ரோசெட்டிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் நேராக இழுத்தேன். நடுவில் ஜாயிண்ட்டே இல்லை. வெளியில் சேர்க்க வேண்டிய ஒரே இடத்தில் ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டேன். ஒயரை உள்ளே செருகி, பிளையரால் அழுத்தினால் ஜெல் கம்பியைச் சுற்றிக்கொள்ளும், ஈரம் அண்டாது. விலை சில ரூபாய். இந்தச் சில ரூபாயைத்தான் அவர்கள் மிச்சம் பிடித்தார்கள். இப்போது அடைமழையிலும் லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அம்மா அறையிலிருந்து பெரியம்மாவோடு பேசுவது ஹால் வரை கேட்கிறது.

“ஃபைபர் வந்துவிட்டது, இன்னும் எதற்கு இந்தப் பழைய கதை” என்று, செம்புக்குப் பதில் வரும் கண்ணாடி இழை லைனைக் காட்டி ஒரு கூட்டம் சொல்கிறது. தங்கை வீட்டில் ஃபைபர்தான். மாட்ட வந்தவர் ஹால் மூலையில் பெட்டியைத் திருகிவிட்டு, போனை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமியார் அறைக்குப் போன் வேண்டும் என்றால், “உள் ஒயரிங் எங்க வேலை இல்ல மேடம்.” மறுபடி அதே பாட்டு! அந்தப் பெட்டியின் பின்னால் போன் போர்ட் இருக்கிறது. வீட்டின் பழைய ஒயரிங் நல்ல நிலையில் இருந்தால் அதிலிருந்தே எல்லா அறைக்கும் கொடுக்கலாம். அதற்கு முன் வெளியிலிருந்து வரும் பழைய செம்பு ஜோடியை ரோசெட்டில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வந்து மோதி, புதுப் பெட்டியின் போன் போர்ட் போய்விடலாம். இதை அவர் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. பழைய செம்பு லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. தெருவே இருட்டில் கிடந்தாலும் சாதாரண ஒயர் போன் பேசும். ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் போனும் போச்சு. இருதய நோய்க்காரர் இருக்கும் வீடு அது. புயல் இரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தால் செத்துக் கிடக்கும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி மாட்டுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? மாதா மாதம் பில் அனுப்ப மட்டும் மறக்காதவர்களே, பெட்டியை மாட்டும்போதே அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.